யாரும் தூக்க வேண்டாம்

என் கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா கிடக்கும். திரைச்சீலைக் கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் ஜன்னல் அளப்பது, "இந்தக் கலர் உங்க சோபாவுக்கு எடுப்பா இருக்கும்" என்று மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்வது, இரண்டும் என் பொறுப்பு. ஆனால் என் வாழ்நாளில் நான் அதிகம் அளந்தவை ஜன்னல்கள் அல்ல, கதவுகள். என் கணவரின் சக்கர நாற்காலி அறுபத்து மூன்று சென்டிமீட்டர் அகலம். உலகத்துக் குளியலறைக் கதவுகளில் பாதி அறுபது. அந்த மூன்று சென்டிமீட்டரோடு இருபத்தாறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் பல் செய்கிறவர். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அனுப்பும் மாவு அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு இழைத்து, பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புகிறவர். கூடத்தை ஒட்டிய அறைதான் பட்டறை. அலமாரி முழுக்க யார் யாருடைய வாயோ திறந்தபடி இருக்கும். கல்யாணமான புதிதில் அந்தப் பக்கம் போகவே பயந்தேன். இப்போது தூசி தட்டும்போது, "கொஞ்சம் வாயை மூடுங்கம்மா" என்று அதட்டுகிறேன்.

நாலு வயதுக் காய்ச்சலில் அவருக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. அதற்கு ஈடாகக் கைகள் உலக்கைபோல் ஆகியிருந்தன. போன வருஷத்திலிருந்து வலது தோள் மட்டும் மக்கர் பண்ணுகிறது. அதிகம் பாரம் போடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். "அப்ப இவளை என்ன பண்றது?" என்று இவர் என்னைக் காட்டிக் கேட்டார். அந்த மருத்துவர் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்கா. எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்தில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறார். போன மாதம் காய்கறிப் பையோடு படியில் உருண்டுவிட்டார். இடது கால் முறிந்து முழங்கால் வரை மாவுக்கட்டு. மேல்வரிசையில் முன்பற்கள் நாலும் காலி.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அண்ணிக்கு அப்படியே நடந்தது. அதற்கு முன்னால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொள்வார்கள். பேசுவது என்ன, சண்டைதான். வானிலையிலிருந்து வாழைப்பழ விலை வரை எதிலும் ஒத்துப்போனதில்லை. பல் போன நாளிலிருந்து அண்ணி போனை எடுக்கவில்லை. குறுஞ்செய்திதான் வரும். "சாப்டேன்." "வலி இல்ல." "ம்." வீட்டுக்காரரிடம்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாராம்.

"அக்கா குரலைக் கேட்டு இருபத்திரண்டு நாளாச்சு" என்றார் இவர் ஒரு நாள், மெழுகை உருக்கிக்கொண்டே. இருபத்திரண்டை அவர் எண்ணி வைத்திருந்தது எனக்கு என்னமோ செய்தது.

அண்ணியின் வாய் அச்சை அங்கே ஆஸ்பத்திரியிலேயே எடுத்து அனுப்பியிருந்தார்கள். நாலு பல்லையும் இவர் செய்தார். அண்ணிக்கு இடது முன்பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். நேராக வைத்துவிடலாமே என்று அங்கத்து மருத்துவர் எழுதியிருந்தார். "அப்புறம் அது யார் வாயி?" என்று கேட்டுவிட்டு, அந்த ஏற்றத்தை அப்படியே வைத்தார். நாலே பல்லுக்கு நாலு நாள். செட்டை வாயில் வைத்து, கடிக்கச் சொல்லிப் பார்த்து, இடிக்கிற இடத்தை ராவினால்தான் வேலை முடியும். அண்ணியோ பல் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பல் வந்தால்தான் வெளியே வருவார். வெளியே வந்தால்தான் பல் வரும்.

"நான் போறேன்" என்றார் இவர்.

"எப்படி மேலே போவீங்க?"

"அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

"அந்தக் கவலை எனக்கு இல்லையே."

இப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வராது, ஜோக் வரும்.

அண்ணி அந்த வீட்டுக்குக் குடிபோய் எட்டு வருஷம். இவர் அந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது. ஒவ்வொரு முறையும் அண்ணி கீழே வருவார். கட்டடத்துக்கு அடியில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து, இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசுவோம். அண்ணியின் ஜன்னல்களுக்கு நான் தைத்துக் கொடுத்த திரைச்சீலைகள் எப்படித் தொங்குகின்றன என்று இவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். நான் மேலே போயிருக்கிறேன். மொத்தம் முப்பத்தாறு படி. ஒன்பது ஒன்பதாக நாலு வரிசை. அகலம் ஒரு மீட்டர் பத்து. அளந்து வைத்திருக்கிறேன்.

நாலு பேர் சேர்ந்தால் நாற்காலியோடு ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் இவரைத் தூக்கக் கூடாது. அது எங்கள் கல்யாண நாளில் போட்ட சட்டம். பதிவு அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. உறவுக்காரர்கள் நாலு பேர் மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கினார்கள். திருப்பத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "பீரோவை ஏத்தினதுகூட இவ்வளவு கஷ்டமா இல்லப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். புதுப்பெண் நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. போக முடியாத இடத்துக்குப் போகாம இருந்துக்கறேன்." அவர் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை. சிரித்த குற்றம் உறுத்தியதால் நானாகத்தான் கொடுத்தேன்.

சின்ன வயதில் படி அவருக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. மாமியார் இருந்தபோது அடிக்கடி சொல்வார். அவர்கள் வீடு மாடியில். இவர் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே ஏறுவாராம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும். இரண்டு வயது மூத்த அக்கா, கால் இரண்டும் கல்லுப்போல இருந்தவள், தானும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தொப்பு தொப்பென்று ஏறுவாளாம். "எங்க வீட்டுல இப்படித்தான் படி ஏறுவோம்" என்று சிரித்தவர்களிடம் சொல்வாளாம். சாயங்காலம் ஆனால் மேலேயிருந்து மாமியார் கத்துவார்: "பாவாடை கிழியப் போகுதுடி!" தினமும் கிழியும். "அவனுக்குக் கால் போச்சு, அவளுக்குப் பாவாடை போச்சு" என்று முடிப்பார் மாமியார். அவள் பாவாடைகளின் பின்பக்கம் ஒட்டுப் போடாத ஒன்றுகூட வீட்டில் இல்லையாம்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இவர் குளிக்கப் போன நேரத்தில் அண்ணியின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பஸ் கம்பெனியில் நேரம் குறிக்கிறவர் அவர். எதையும் கடிகாரத்தோடுதான் சொல்வார். "ஒண்ணும் கவலைப்படாதேம்மா. ரெண்டு இருபதுக்கு நாலு பேர் கீழே நிப்பாங்க. உங்க அண்ணியை ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கிட்டு வந்த அதே ஆளுங்கதான். அனுபவஸ்தர்கள்" என்றார். அங்கே போய் நாலு பேர் முகத்துக்கு நேரே இவரால் மறுக்க முடியாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு கெட்ட கணக்கு என்று போனை வைக்கும்போதே தெரிந்தது. தெரிந்தும் வைத்தேன்.

ரயில் நிலையத்தில் சாய்வுப் பலகைக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். பலகை வந்தது, அதைப் பிடிக்கிறவர் வரவில்லை. பலகையை நானே போட்டேன். ரயில் கிளம்ப நாலு நிமிஷம் இருக்கும்போது இவர் தானே சக்கரத்தை உந்தி ஏறினார். பின்னால் நின்று பிடிக்கப் போனேன். "பிடிக்காதே, பக்கத்துல நில்லு" என்றார். இது வழக்கமான வசனம்.

எதிர் இருக்கையில் ஓர் அம்மாள். ஏறியதிலிருந்து இவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பதும், என்னைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் கேட்டார்: "அவர் பிஸ்கட் சாப்பிடுவாரா?"

"சாப்பிடுவார்" என்றார் இவர். "பேசவும் செய்வார்."

அம்மாள் வெலவெலத்துப் போய் இரண்டு பிஸ்கட்டுக்குப் பதிலாக ஆறு கொடுத்தார். இவர் ஆறையும் வாங்கிக்கொண்டு, அவருடைய கடைவாய்ப் பல் எங்கே கட்டியது என்று விசாரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். எனக்குத்தான் வேறு கவலை. பிஸ்கட்டைத் தின்றவர் தண்ணீர் குடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே குடிக்கவில்லை. ரயில் கழிவறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒவ்வொரு பயணத்திலும் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார். நான் பாட்டிலை நீட்டுவேன், அவர் தலையாட்டுவார். வேறு வழி இருந்தால் அந்த ரயிலையே அளவெடுத்துத் திருப்பித் தைத்திருப்பேன்.

பல் செட்டு என் மடியில் இருந்தது. சின்ன டப்பாவில், தண்ணீரில் மூழ்கி. கசிந்துவிடப் போகிறதே என்று நேராகப் பிடித்தபடி வந்தேன். நடுவில் இரண்டு முறை அவரிடம் சொல்லிவிட நினைத்தேன். ஒரு முறை "என்னங்க" என்று ஆரம்பித்தும் விட்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. டப்பா கசியல."

"கசியாது. அதுக்குத்தான் உன்கிட்ட குடுத்தேன்."

டப்பாவை இன்னும் நேராகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு இருபத்தைந்துக்கு வாடகை வண்டி அந்தக் கட்டடத்துக்குள் திரும்பியது. நாலு பேரும் படிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணியின் வீட்டுக்காரர், கட்டடக் காவலாளி, கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன், எதிர்க்கடைத் தையற்காரர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை! அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார் அண்ணியின் வீட்டுக்காரர். "ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க அக்காவையே பூ மாதிரி தூக்கிட்டுப் போனோம்."

"பூன்னு சொல்ல முடியாது" என்றார் காவலாளி நேர்மையாக.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் முகவரி விசாரிக்கிறவர் எதிரே வருகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி மாமா. எல்லாரும் டீ குடிச்சீங்களா?" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியை முதல் படி வரை உந்திக்கொண்டு போய், பிரேக்கைப் போட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் இறங்கி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?"

"அக்கா வீட்டுக்குப் போறேன்."

"அதுக்குத்தானே நாங்க..."

"யாரும் தூக்க வேண்டாம் மாமா. நாற்காலியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, போதும்."

இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் அடுத்த படியில் ஊன்றினார். ஒரு தம். உடம்பு மேலே போனது. பிறகு கால்சட்டையைப் பிடித்து ஒரு காலை இழுத்து வைத்தார், அடுத்த காலை இழுத்து வைத்தார். கால்களை எடுத்து வைப்பது எப்போதும் என் வேலை. நான் குனிந்தேன். "வேணாம்" என்றார். நான் இரண்டு படி கீழே பல் டப்பாவோடு நின்றேன்.

முதுகைக் காட்டி ஏறுவதால் அவர் முகம் எங்களைப் பார்த்துதான் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடிப்பதை நாலு பேரும் பார்த்தார்கள். தையற்காரர் மட்டும் விவரமானவர். மற்ற மூவரையும் வண்டிகள் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஆனாலும் எலெக்ட்ரீஷியன் சும்மா இருக்கவில்லை. "அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும் சார்!" என்று ஊக்கப்படுத்தினார். "இது அம்மி இல்லப்பா, பீரோ" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

ஒன்பது படி. ஒரு மேடை. இன்னும் ஒன்பது படி. முதல் மாடி வந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்காத உடம்பு வேறு. கீழே ரகசியமாகக் காலடிச் சத்தம் கேட்டது. நாலு பேரும் ஒரு வரிசை இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

இருபதாவது படியில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது படியில் உட்கார்ந்தவர் கையைப் பின்னால் ஊன்றினார், உடம்பு எழும்பவில்லை. மறுபடி ஊன்றினார். தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. முகம் சாம்பலாகிவிட்டது.

நான் போய் அவர் கால்மாட்டில் நின்றேன். இனிப் பொத்தி வைக்க என்ன இருக்கிறது.

"தப்புதாங்க" என்றேன். "வாக்குக் குடுத்துட்டு மீறினது தப்புதான். ஆனா அக்காவைப் பார்க்காம நீங்க திரும்பி வந்தா, அந்த முகத்தை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அதான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க."

"சொல்வேன்" என்றார். மூச்சு சீராக வரவில்லை. "அதுக்குத்தானே கேக்கறது."

ரயிலில் அந்த அம்மாள் பிஸ்கட்டை நீட்டி என்னிடம் கேட்டபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! நான் செய்தது அதைவிடப் பெரியது. அந்த அம்மாளாவது ஒரு வார்த்தை என்னிடம் கேட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் கதவுகளை அளந்ததில், அவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்க மாட்டார் என்பதையும் நானே அளந்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

மேலே பதின்மூன்று படி. கீழே இருபத்து மூன்று. ஏறவும் கை வேண்டும், இறங்கவும் கை வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரி. கூப்பிடு" என்றார்.

நானே ஏற்பாடு செய்த நாலு பேர். பத்துப் படி கீழே, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நிற்கிறார்கள். வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம். தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி, தொப். கூடவே கட்டை உரசுவது மாதிரி ஒரு சரசரப்பு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேல் மேடையின் திருப்பத்தில் முதலில் ஒரு வெள்ளை மாவுக்கட்டுக் கால் நீட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் அண்ணி. நைட்டியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. அடுத்த படிக்கு இறங்கும்போது மட்டும் அந்தக் கையை எடுத்து ஊன்றுவார், உடனே பொத்திக்கொள்வார். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கண்ணால் சொன்னார்.

இவருக்கு அந்தப் பக்கம் முதுகு. திரும்பிப் பார்க்கத் தோள் இடம் கொடுக்காது. கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தொப். தொப். சத்தம் அவருக்கு நேர் மேல் படிக்கு வந்து நின்றது.

"பாவாடை கிழியப் போகுது" என்றார் இவர்.

அண்ணியின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா என்று கை மறைத்திருந்ததில் தெரியவில்லை. இன்னொரு படி இறங்கி, தம்பிக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்தார். கையை எடுத்தார்.

"கிழிஞ்சா உனக்கு என்னடா? உன் பாவாடையா?"

பாதி வார்த்தை காற்றாகப் போனது. ஆனாலும் அது அண்ணியின் குரல்தான். இருபத்தாறு நாளுக்குப் பிறகு வந்த குரல், வரும்போதே சண்டையோடு வந்தது. இவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, "வாயைத் திற" என்றார்.

"இங்கேயா?"

"எங்க வீட்டுல இப்படித்தான் படியில வெச்சுப் பல்லு கட்டுவோம்."

நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். இடது கையாலேயே செட்டை எடுத்து, அக்காவின் தாடையைப் பிடித்து, மெல்ல ஏற்றினார். இடிக்கிற இடத்தைக் காட்டும் நீலத் தாளைப் பல் இடுக்கில் வைத்து, "கடி" என்றார். கடித்தார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கைப்பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்துக் கொடுத்தேன். செட்டை நான் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் இரண்டு இழை ராவினார். மறுபடி ஏற்றினார். "இப்ப கடி. இப்ப சிரி."

அண்ணி சிரித்தார். இடது முன்பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கோணலையாவது சரி பண்ணியிருக்கக் கூடாதாடா?" என்றார். கண்ணில் தாரைதாரையாக வழிந்தது. "இத்தனை நாள் ஏன் பேசல?" என்று இவர் கேட்டார். "அசிங்கமா இருந்துச்சுடா. நாலு பேர் என்னைச் சேர்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. வாயில பல்லும் இல்ல. அன்னைக்குத்தான் உன்னை நெனச்சேன்" என்றார் அண்ணி. இவர் அக்காவின் மாவுக்கட்டு மேல் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

"அந்த நாலு பேரையும் கூப்பிடு."

"உங்களையா?"

"நாற்காலியை. சும்மாத்தானே நிக்கறாங்க. மேல போய் நான் வீட்டைச் சுத்திப் பார்க்க வேணாமா?"

கூப்பிட்டேன். இந்தத் தடவை குரல் வந்தது, மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். நாலு பேரும் இறங்கிப் போய் ஆளில்லாத நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நாற்காலிக்கு வழி போதாததால் அதைத் தலைக்கு மேலே உயர்த்தி, எங்களை ஒட்டி ஒவ்வொருவராக ஏறினார்கள். "பத்திரம், அறுபத்து மூணு சென்டிமீட்டர், சுவர்ல இடிக்கும்" என்றேன். "என்னங்க இது, காத்து மாதிரி இருக்கு" என்றார் காவலாளி. "ஆளு இல்லேன்னா அப்படித்தான்" என்றார் இவர். நாற்காலி எங்கள் மூவர் தலைக்கும் மேலாகப் போய்த் திருப்பத்தில் மறைந்தது. அண்ணியின் வீட்டுக்காரர் கடைசியில் நின்று, மனைவியின் வாயைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோய், பின்னாலேயே ஏறினார்.

"தோள் எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"இடது நல்லா இருக்கு."

"எனக்கு வலது கால் நல்லா இருக்கு. போதும். ஒரு படிக்கு ஒரு மணி நேரமானாலும் பரவாயில்ல."

இருவரும் கையைப் பின்னால் ஊன்றினார்கள். அவர் வலது தோளின் கீழே அண்ணி தன் தோளைக் கொடுத்தார். அது தூக்குவதில் சேராது போலிருக்கிறது, இவர் தடுக்கவில்லை.

நான் அவர் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டு என்ற வார்த்தை அப்போதுதான் என் மனதில் உறைத்தது. இந்த இருபத்தாறு வருஷமும் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், பின்னால் நின்றிருக்கிறேன், அவருக்காக எத்தனையோ வாசல்களில் முன்னால் நின்று வாதாடியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவரோடு படியில் உட்கார்ந்ததில்லை.

"உங்க காலை நான் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லட்டும், அதற்குத்தானே கேட்பது.

"வை" என்றார்.

நல்ல சேலைதான் கட்டியிருந்தேன். போனால் போகட்டும். அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவர் கால்கள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் பதின்மூன்று படி இருந்தது.